கவிழ்த்தாலும் விழாத தூசி

வஞ்சிக்கொடி அடுக்ககத்தில் தூசி கீழே விழ மறுத்தது ஓர் ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று சரவணம்பட்டியின் பாதி மண்ணை அள்ளி எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு காலையில் சி பிளாக் இரண்டாம் மாடியில் தமயந்தி தன் கணவர் பொன்னுரங்கத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள், சொன்ன கையோடு ரோபோவின் தூசிப்பெட்டியைக் கவிழ்த்தாள், பெட்டியில் இருந்த தூசி பெட்டியிலேயே இருந்தது.

ரோபோ எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு எங்கள் சங்கத் தலைவர் அருணகிரி, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு என்று கண்டுபிடித்து, வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒன்று வரவழைத்துவிட்டார். தோசைக்கல் போல வட்டமாக, தரையோடு தரையாக ஊர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் சோபாவுக்கு அடியிலும் புகுந்து, மண்ணும் முடியும் முறுக்குத்தூளும் அகப்பட்டதையெல்லாம் விழுங்கிவிட்டு, வயிறு நிரம்பியதும் நின்ற இடத்தில் நின்று, ‘தூசிப்பெட்டி நிரம்பிவிட்டது, தயவுசெய்து காலி செய்யவும்’ என்று பெண் குரலில் சுத்தமான தமிழில் சொல்லும். அந்தத் ‘தயவுசெய்து’ எங்கள் ஆண்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அது யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று அவர்கள் யோசித்ததில்லை.

விளம்பரத்தில் ரோபோ ஓடும், குடும்பம் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரிக்கும், அதோடு சரி. பெட்டியை இழுத்தெடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பைக் கவருக்குள் கவிழ்ப்பதும், மடிப்பு மடிப்பான ஃபில்டரை அதற்கு வலிக்காமல் சுவரில் தட்டுவதும், வாரம் ஒருமுறை அதைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பதும், காயாமல் போட்டால் வீடு முழுக்க ஈர நாய் நாற்றம் அடிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதும், பிரஷ்ஷில் சுற்றிக்கொண்ட முடியைக் கத்திரிக்கோலால் நறுக்கி நறுக்கி உருவுவதும், அதன் கண்களைப் பழைய பனியன் துணியால் துடைப்பதும், செருப்பு வாரைத் தின்றுவிட்டு விக்கி நிற்கும்போது புரட்டிப்போட்டுக் காப்பாற்றுவதும் விளம்பரத்தில் வராது. இதையெல்லாம் எங்கள் வீடுகளில் யாரோ செய்துகொண்டிருந்தார்கள், யாரோ செய்வதால் வீடு சுத்தமாக இருந்தது.

பொன்னுரங்கம் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் விற்பவர். அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் அவர் வாய்க்குத் தப்பிய தோட்டத்து விவசாயி கிடையாது. அவர் வீட்டுக்கு வந்த முதல் ரோபோ வந்த வாரத்திலேயே செத்தது, மாற்றிக் கொடுத்த இரண்டாவதும் செத்தது. மூன்றாவது வந்ததும், பிள்ளை தங்காத வீடுகளில் செய்வதுபோல, அதைக் கீழே குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, காவலாளி கையில் கொடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு அவரிடமிருந்து திரும்ப வாங்கி, குப்புசாமி என்று பெயர் வைத்தார். குப்புசாமி பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து பொன்னுரங்கம் போகிற தோட்டத்திலெல்லாம், “என்ற வூட்ல கூட்டற வேலையே கெடையாதுங்க, அல்லாம் நம்ம குப்புசாமிதான்” என்று சொல்லிவிட்டுத்தான் மோட்டார் பேச்சையே எடுப்பார்.

தமயந்தி ஒரு நூற்பாலையில் நூலைச் சோதித்துப் பார்க்கும் அறையில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் பஞ்சுத் தூசி, வீட்டுக்கு வந்தால் குப்புசாமி. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அன்றைக்குக் காலையில் அவள் பிரஷ்ஷை நறுக்கி, ஃபில்டரைத் தட்டி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைக் கவரை முழங்காலால் பிடித்து விரித்துக்கொண்டிருந்தபோது, சோபாவில் இருந்த பொன்னுரங்கம் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “அல்லாத்தையும் மிசினே பண்ணிப்போடுது. அப்புறம் காத்தால இருந்து நீயி என்னதான் பண்றே?”

தமயந்தி சத்தம் போடவில்லை. “இனிமே உங்களோட குப்ப கொட்டறதுக்கு என்னால ஆகாதுங்க” என்றாள்.

தமிழில் ஒருத்தி இப்படிச் சொன்னால் குப்பையைப் பற்றிச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கட்டினவனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்றால் குடும்பம் நடத்தினேன் என்று அர்த்தம், ஆபீசில் குப்பை கொட்டுகிறேன் என்றால் வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம், இதைப் பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. பொன்னுரங்கமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார், பிறகு நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அவள் பெட்டியை உலுக்கினாள், தட்டினாள், கரண்டிக் காம்பால் சுரண்டினாள். தூசி பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது, ஆனால் ஒரு துளிகூட இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் பெட்டியைக் குப்புசாமியின் வயிற்றுக்குள் திரும்ப வைத்துவிட்டு, குளித்து, டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு ஆலைப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் எல்லா பிளாக்கிலும் இதே கதை. கவிழ்த்த பெட்டிகள் கவிழ்த்தபடி இருந்தன, தூசி மேலேயே இருந்தது. இதற்காக யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. எங்கள் லிஃப்ட் எந்த எண்ணை அழுத்தினாலும் மூன்றாம் மாடிக்குத்தான் போகும், சிறுவாணித் தண்ணீர் தனக்கு மனசு வந்தால்தான் வரும், அந்த வரிசையில் இது இன்னொன்று என்று எடுத்துக்கொண்டோம். பழைய துடைப்பத்தை எடுத்துக் கூட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கூட்டினோம், முறத்தில் அள்ளினோம், முறத்திலும் ஒட்டிக்கொண்டது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் கவிழ்த்துப் பார்த்தார்கள், விழவில்லை. கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் புது ஃபில்டர் போட்டு, புதுப் பெட்டியும் போட்டு, சாயங்காலம் அது நிறைந்ததும் தானே கவிழ்த்துப் பார்த்துவிட்டு, தூசியின் பிடிவாதம் உத்தரவாதத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிறைந்த வயிற்றோடு ரோபோக்கள் ஊர்ந்தன, ஊர்ந்த வழியெல்லாம் தின்றதைக் கக்கின, கக்கியதைத் திரும்பத் தின்றன, தின்ன இடமில்லாமல் நின்று, ‘தூசிப்பெட்டி நிரம்பிவிட்டது, தயவுசெய்து காலி செய்யவும்’ என்றன. முதல் மாடியில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் மாடியில் தொடங்கும், இரண்டாம் மாடியில் முடிவதற்குள் எதிர் பிளாக்கில் தொடங்கும். காலை நடைக்குப் போகிறவர்கள் அந்தக் குரலுக்கு ஏற்பக் காலை எடுத்துவைக்கப் பழகினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் அந்தக் காலை நடைக் கூட்டம்தான். பொன்னுரங்கம் மனத்தாங்கலில் தமயந்தி சொன்ன வாக்கியத்தை அருணகிரியிடம் சொல்ல, அருணகிரி நின்று யோசித்து, மனசு ஒட்டாத வீட்டில் தூசி ஒட்டிக்கொள்கிறது என்று தீர்ப்புச் சொல்ல, ஒரு சுற்று நடந்து முடிப்பதற்குள் அது எங்கள் எல்லோருக்கும் வேதவாக்கு ஆகிவிட்டது. சோதித்தும் பார்த்தோம். ஐடி கம்பெனிப் பையன்கள் நாலு பேர் சேர்ந்திருந்த வீட்டில் தூசி பொத்தென்று விழுந்தது, பையன்கள் ஒற்றுமை என்றோம். டி பிளாக்கில் தனியாக இருந்த நர்ஸ் வீட்டிலும் விழுந்தது, அவளுக்குச் சண்டை போட ஆளில்லை என்றோம். ஆனால் மாகாளி வீட்டில் விழுந்ததுதான் எங்களைத் தூக்கிப்போட்டது.

மாகாளி லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். அவரும் அவர் மனைவி சரசுவும் போடுகிற சண்டை கழிப்பறைக் காற்றுத்துளை வழியாக ஏழு வீட்டுக்குக் கேட்கும். எதைப் பற்றிச் சண்டை என்று நாங்கள் கவனித்ததில்லை, சத்தத்தைத்தான் கவனித்தோம். நாங்கள் அவர்கள் வீட்டு வாசலில் கூட்டமாக நின்று கேட்டுக்கொண்டதன் பேரில், மாகாளி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தார், முழுக்கக் கவிழ்ப்பதற்கு முன்னாலேயே தூசி விழுந்துவிட்டது, சரசு தூரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வெளிய சிந்தாத கொட்டறியா பாரு” என்று திட்டினாள். நாங்கள் எல்லோரும் தூசியைத்தான் பார்த்தோம். என்ன ஒரு அன்னியோன்யம் என்று பேசிக்கொண்டே படியிறங்கினோம்.

இதற்கு மாறாக, போன வருஷம் மணிவிழா கண்டு, கேக் வெட்டி, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட்ட அருணகிரி வீட்டில் தூசி அசையவில்லை. அவர் மனைவி லோகநாயகி பெட்டியை மூன்று விதமாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணிடம் நிதானமாகச் சொன்னாள்: “நானே இத்தன நாளா அவரைப் புடிக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன் கண்ணு.” அன்றிலிருந்து அவள் அவருக்குக் காபியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள். அவர் கேட்டதற்கு, தூசியே சொல்லிவிட்ட பிறகு நடிப்பதற்கு என்ன இருக்கிறது என்றாள்.

எது வந்தாலும் அதை ஒரு சடங்காக்கிக்கொள்வதில் நம் ஜனங்களை மிஞ்ச முடியாது. ஆவணியில் கல்யாணம் வைக்க இருந்தவர்கள் ஜாதகம் பார்த்து, கோயிலில் பூப்போட்டு உத்தரவு கேட்டு, அதோடு தூசியும் கேட்கத் தொடங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தொடுவதற்கு முன் தூசி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்கள், டப்பாவைப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள், வேறு யார் கையில் கொடுப்பது, பெண் கவிழ்த்தாள், விழவில்லை, கேசரி மீந்தது. பி பிளாக்கில் ஒரு பெண்ணுக்கு மூன்று வரன்கள் இப்படித் தட்டிப்போயின. அவள் அதற்குப் பிறகு முன்னைவிடத் தெளிவாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். கோவில்பாளையத்திலிருந்தும் கீரணத்தத்திலிருந்தும் ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், காவலாளி அவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

கடைசியில் பொதுக்குழு கூட்டினார் அருணகிரி. சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மேஜைமேல் தன் வீட்டுத் தூசிப்பெட்டியை வைத்து, தமயந்தியை முன்னால் கூப்பிட்டார். இது எல்லாம் அவள் சொன்ன வாக்கியத்தில் தொடங்கியதால் அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சங்கத்தின் முடிவு.

“ஒரே ஒரு வார்த்த அம்மிணி. சொல்லிப்போட்டீன்னா அல்லாரு வூட்லயும் கொட்டிரும்.”

“சரிங்க” என்றாள் தமயந்தி. “அவரோட குப்ப கொட்டறேன். போதுங்களா?”

லோகநாயகி பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

“மனசார சொல்லோணும்” என்றார் அருணகிரி.

தமயந்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். “நீங்க ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்களா?”

அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் பொன்னுரங்கத்துக்குத் தோட்டத்து மிடுக்கு வந்துவிட்டது. எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, “நா என்ன தப்புப் பண்ணுனனுங்க? சொகமா இருக்கட்டும்னு மிசினு வாங்கிக் குடுத்தேன், அதுதான் தப்பு” என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். தமயந்தி அந்தச் சிரிப்பு முடியும் வரை நின்றுகொண்டிருந்துவிட்டு வெளியே போனாள். மறுநாள் காலையில் ஒரு துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட்டாள். திரும்பி வருவாளா என்று கேட்டவர்களிடம், விடுதியில் ஜன்னலோர அறை கிடைத்திருக்கிறது, நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றாள்.

பொன்னுரங்கம் முதலில் வீம்பாக இருந்தார், மெஸ்ஸில் சாப்பிட்டார், யாராவது கேட்டால் வேலை விஷயமாகப் போயிருக்கிறாள் என்று சொன்னார். வீட்டில் ஆடிக்காற்று ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்தது. கட்டிலில் மண், தட்டில் மண், பல்துலக்கும் பிரஷ்ஷில் மண். குப்புசாமி மண்ணைத் தின்று, கக்கி, தின்று, சமையலறை வாசலில் நின்று, ‘தயவுசெய்து காலி செய்யவும்’ என்றான். அணைத்தாலும் தானே விழித்துக்கொண்டு, ‘தயவுசெய்து’ என்றான். தமயந்தி இருந்தபோது இந்தக் குரல் அவர் காதில் விழுந்ததே இல்லை, அவள் அது இரண்டாவது தடவை சொல்வதற்குள் எழுந்து போய்விடுவாள். இப்போது யாரும் எழுந்து போகவில்லை. அவள் வரவே மாட்டாள் என்ற பயம் பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் பிடித்தது.

ஒரு காலையில் குரல் தாங்காமல் அவர் குப்புசாமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. முதலில் தரை துடைக்கிற தண்ணீர் இருக்கும் சின்னத் தொட்டியைத் திறந்து வேட்டியை நனைத்துக்கொண்டார், பிறகு சக்கரத்தைப் பிடுங்கப் பார்த்தார், பிறகு பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தியதும் பெட்டி தானாகக் கையில் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பிரஷ்ஷைப் பார்த்தார். முடி சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்திரிக்கோல் எங்கே இருக்கும் என்று தேடி, நறுக்கி, உருவி, நறுக்கி, உருவி, அரைமணி நேரம் முடியோடு மல்லுக்கட்டினார். நீள முடி, அவளுடையது, ஒவ்வொன்றும் அடிப்பாதி வெள்ளையாக இருந்தது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார். ஃபில்டரைத் தட்டினார், புகை மாதிரி தூசி கிளம்பி முகத்தில் அப்பியது, தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அலசி நிழலில் காயப்போட்டார். கடைசியாக, விழாது என்று தெரிந்துகொண்டே பெட்டியைக் கவிழ்த்தார்.

மொத்தமும் அவர் கால்மேல் விழுந்தது.

அவர் காலைக்கூடக் கழுவவில்லை, காலிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் பீளமேட்டுக்குப் பறந்தார். விடுதியில் வருகிறவர்கள் உட்காருகிற முன்னறையில், வாரப் பத்திரிகை படிக்கிற சாக்கில் நாலு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, தமயந்தி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

“பாரு, விழுந்திருச்சு. அப்படீன்னா உனக்கு எம்மேல வெறுப்பில்லேன்னுதான அர்த்தம்?”

அவள் பெட்டியை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். “யாரு கொட்டுனது?”

“நாந்தான்.”

“ஃபில்டரத் தட்டுனீங்களா?”

“தட்டுனேன். கழுவிக் காயப் போட்டிருக்கறேன். நெழல்லதான். பிரஷ்ஷுல இருந்து உன்ற முடியெல்லாம் எடுத்தேன்.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “பாதி நரையா இருக்குது தமயந்தி. எப்ப நரைச்சுது?”

“மாசாமாசம் உங்க தலைக்கு டை அடிச்சு உடறேனல்லங்க. மிச்சத்த எங்க போடறேன்னு நெனச்சீங்க? என்ற தலைக்கு மேலாப்புல தடவறதுக்குத்தான் அது பத்துது.”

வாரப் பத்திரிகை ஒன்று கீழே விழுந்தது. பொன்னுரங்கம் தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தமயந்தி பெட்டியைப் புரட்டிக்கொண்டே எதையோ யோசித்தாள்.

“மாகாளியண்ணன் வூட்ல டப்பாவ யாரு கொட்டறாங்க?”

“மாகாளிதான். சரசுக்குத்தான் தூசி ஆகாதே, தும்மியே செத்துப்போயிரும். அவங்க சண்டையே அதுக்குத்தான் போல.”

“அந்தப் பசங்க வூட்ல?”

“பசங்கதான் கொட்டிக்கறாங்க, வேற யாரு இருக்கறா.” சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் தன் கையைப் பார்த்தார்.

“அது மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லீங்க” என்றாள் தமயந்தி. “எங்க கை உட்டுப்போச்சு, அவ்வளவுதான். உங்க குப்ப உங்க கைக்குத்தான் விழும். சர்வீஸ்காரரு கைக்கும் வேலைக்கு வர்ற புள்ளைங்க கைக்கும் அது எதுக்கு விழோணும்?”

பொன்னுரங்கம் காலிப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அப்ப நீ வூட்டுக்கு வந்திரு” என்றார்.

“ஒருவாட்டி கொட்டுனதுக்கு வர முடியாதுங்க. ஞாயித்துக்கெழம வந்து மிச்சத் துணிமணிய எடுத்துக்கறேன். இந்த ரூம நெரந்தரமா எழுதி வாங்கறதுக்குத் திங்கக்கெழம வரைக்குந்தான் டைம் குடுத்திருக்கறாங்க.”

அவர் போனதும் அவள் லோகநாயகிக்குப் போன் போட்டாள். அவ்வளவுதான், சங்கத்தின் எந்தச் சுற்றறிக்கையும் அந்த வேகத்தில் எங்கள் அடுக்ககத்தைச் சுற்றியதில்லை. மறுநாள் காலையில் எல்லா வீட்டிலும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள், எல்லா வீட்டிலும் ஆண்கள் கையில் பெட்டி கொடுக்கப்பட்டது. ஒரு வங்கி மேலாளர் மோட்டாரோடு சேர்த்துக் கழுவினார். ஒருவர் ஃபில்டரை அடுப்பில் காயவைத்துப் பாதியை எரித்தார். அருணகிரி மின்வாரியத்தில் எத்தனையோ மின்மாற்றிகளைத் திறந்தவர், இந்தப் பெட்டியைத் திறக்க லோகநாயகியைக் கூப்பிட்டார், அவள் காபியை ஊதிக்கொண்டே, ‘பின்னாடி’ என்று மட்டும் சொன்னாள். ஆனால் கவிழ்த்தவர் கையிலிருந்தெல்லாம் தூசி விழுந்தது, பொத்துப் பொத்தென்று மாடி மாடியாக விழுந்தது. ரோபோக்கள் ஒவ்வொன்றாக வாயடைத்தன. வெகுநாள் கழித்து எங்கள் காதில் குயில் சத்தம் கேட்டது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்கள் கை பட்டுத் தூசி விழுந்ததை ஆண்கள் பெரிய சாதனையாக எடுத்துக்கொண்டார்கள். விழாத தூசியை விழவைத்த முதல் மனிதருக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று அருணகிரி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் வாழைமரம் கட்டி, மைக் வைத்து, ‘தூசி வென்ற செம்மல்’ என்று பேனர் அடித்து, வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துவிட்டார்கள். எங்கள் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற முகத்தோடு வேடிக்கை பார்த்தார்கள்.

தமயந்தி அந்த நேரத்தில்தான் மிச்சத் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆட்டோ கேட்டில் நின்றது. மைக்கில் பொன்னுரங்கத்தின் பெயர் கேட்டதும் கூடத்து வாசலில் நின்றாள், லோகநாயகி நகர்ந்து இடம் கொடுக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் மேடையில் இருந்தார். அவர் முகத்தில் பழைய தோட்டத்து மிடுக்கு மெல்ல ஏறுவதை அவள் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். அவர் இப்போது பேசப் போகிற பேச்சு எங்களுக்கு மனப்பாடம். குப்புசாமி என்று தொடங்கி, நான் என்று முடியும். அவள் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அருணகிரி ஜரிகை போட்ட பொன்னாடையை எடுத்து உதறினார். நல்ல பளபளப்பான பொன்னாடை, ஓரமெல்லாம் குஞ்சம். உதறியபோது இரண்டு மூன்று ஜரிகை நூல் பிரிந்து மேடைமேல் விழுந்தது. பொன்னுரங்கம் கழுத்தை நீட்டியபடியே அந்த நூல் விழுவதைப் பார்த்தார், நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“வேண்டாமுங்க” என்றார்.

“என்னங்க வேண்டாம்?”

“இது வேண்டாமுங்க. நூலு உதுருது பாருங்க. வூட்டுக்குக் கொண்டுபோனா பிரஷ்ஷுல போயிச் சுத்திக்கும். முடின்னாக்கூட நறுக்கி உருவிப்போடலாம், ஜரிக கத்திரிக்கே மடங்காது.” அவர் மைக்கை மறந்துவிட்டுப் பேசினார், மைக் எல்லோருக்கும் சொன்னது. “நாந்தானுங்க எடுக்கோணும்.”

கூடத்தில் யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அருணகிரி பொன்னாடையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று லோகநாயகியைப் பார்த்தார், நம் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று அவள் தலையை ஆட்டினாள். பொன்னுரங்கம் குனிந்து, மேடைமேல் கிடந்த ஜரிகை நூலைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

தமயந்தி எழுந்தாள். வெளியே வந்து, ஆட்டோக்காரரிடம், இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.